கடல் நடுவே குடிநீர் தேடும் நாடு

 

2014ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி. மாலத்தீவின் தலைநகரம் மாலே. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தது. ஊர் முழுக்கக் குழாயில் தண்ணீர் நின்று போனது. அப்போது அந்த ஊரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஊரில் ஆறு இல்லையா? இல்லை. ஏரி, குளம்? அதுவும் இல்லை. கிணறு உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கடைகளில் இருந்த பாட்டில் தண்ணீருக்கு மக்கள் முட்டி மோதினார்கள். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கடல். குடிக்க ஒரு குடம் தண்ணீர் இல்லை.

இந்தியாவுக்குச் செய்தி வந்தது. நம் விமானப்படை விமானங்கள் தண்ணீரை ஏற்றிக்கொண்டு பறந்தன. கடற்படைக் கப்பல்களும் போயின. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் கப்பலிலேயே இருந்தது. இலங்கை, வங்கதேசம், சீனா ஆகிய நாடுகளும் உதவின. ஒரு தீ விபத்து. ஒரே ஓர் ஆலை. அதற்கே ஒரு நாட்டின் தலைநகரம் தவித்துப் போனது.

இன்று பேசப்போவது இந்த நாட்டைப் பற்றித்தான். உலகில் இப்படிப்பட்ட சின்னத் தீவு நாடுகள் பல உள்ளன. பசிபிக் கடலில் துவாலு, கிரிபாட்டி, நவ்ரு. இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ், மொரிசியஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. மாலத்தீவு நமக்குப் பக்கத்து வீடு. அதனால் அதன் கதையைப் பார்ப்போம்.

தூத்துக்குடியில் இருந்து மாலே சுமார் 700 கிலோமீட்டர். நம் லட்சத்தீவில் மினிக்காய் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கிருந்து மாலத்தீவின் வடக்கு முனை இன்னும் கிட்டே. மினிக்காய் மக்கள் பேசும் மஹல் மொழியும் மாலத்தீவின் திவேஹி மொழியும் ஒன்றுதான். இடையில் ஓடுவது கடல் மட்டும் அல்ல, நாட்டு எல்லையும்கூட.

பழைய உறவும் உண்டு. ராசராச சோழன் கடலில் உள்ள பன்னிரண்டாயிரம் தீவுகளை வென்றதாக அவனுடைய கல்வெட்டுகள் சொல்கின்றன. அவை மாலத்தீவுகள்தான் என்று வரலாற்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நம் பிள்ளைகள் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் வைத்து விளையாடும் சோழி இருக்கிறதே, அது ஒரு காலத்தில் மாலத்தீவில் இருந்து கப்பல் கப்பலாகப் போனது. வங்காளத்தில் அது காசாகவே செல்லுபடியானது. தென்கடற்கரையில் குழம்புக்குப் போடும் மாசிக் கருவாட்டையும் அந்த நாட்டார் நன்றாக அறிவார்கள். அவர்கள் வீட்டுச் சமையலும் அதை நம்பித்தான் நடக்கிறது.

இப்போது நாட்டின் அளவைப் பார்ப்போம். வடக்கில் இருந்து தெற்கு வரை 860 கிலோமீட்டருக்கு மேல் நீளம். சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தூரத்தை விட அதிகம். இந்த நீளத்தில் 1,190 தீவுகள் முத்துப் போலச் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியே இதை விடப் பெரியது. இருநூறுக்கும் குறைவான தீவுகளில் மக்கள் ஊர் அமைத்து வாழ்கிறார்கள். வேறு சில தீவுகளில் சுற்றுலா விடுதிகள் மட்டும் உள்ளன. மற்றவை ஆள் இல்லாத தீவுகள்.

மக்கள் தொகை 5 லட்சத்துக்குச் சற்று அதிகம். அதில் வேலைக்கு வந்த வெளிநாட்டாரும் அடக்கம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதுதான் முக்கியம். அந்த நாட்டில் மலை இல்லை. மேடு என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. இயற்கையான நிலத்தில் மிக உயரமான இடமே கடல் மட்டத்தில் இருந்து சுமார் இரண்டரை மீட்டர்தான். ஒருவர் கரையில் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கினால் ஏறக்குறைய அந்த உயரம் வந்துவிடும். நிலத்தில் பெரும்பகுதி ஒரு மீட்டர் உயரம் கூட இல்லை. அதாவது இடுப்பளவு.

இத்தனை தாழ்வான நிலம் எப்படி உண்டானது? அது ஒரு அதிசயம். கொஞ்சம் விவரமாகக் கேளுங்கள்.

கடலுக்குள் பவளப்பாறை இருக்கிறது. பார்க்கக் கல் மாதிரி இருக்கும். ஆனால் அது உயிர். கடுகு அளவும் மிளகு அளவும் உள்ள சின்னச் சின்ன உயிர்கள் கோடிக்கணக்கில் ஒட்டி வாழ்கின்றன. கடல்நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. ஒன்று செத்தால் அதன் வீட்டின் மேல் இன்னொன்று வீடு கட்டும். இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கட்டிய திட்டுதான் பவளத்திட்டு.

கிளிமீன் என்று ஒரு மீன். கிளி மூக்கு போல வலுவான வாய் அதற்கு. அது பவளப்பாறையைக் கடித்துக் கொறிக்கும். பாறை மேல் உள்ள பாசி அதற்கு இரை. சுண்ணாம்பு செரிக்காது. வெள்ளை மணலாக வெளியே வந்து விழும். சுற்றுலாப் பயணிகள் ஆயிரம் ஆயிரமாகப் பணம் கொடுத்துப் படுத்துக் கிடக்கும் அந்த வெண்மணலில் பெரும்பகுதி மீன் கழித்த மணல்தான்! இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் உண்மை. அந்த மணலை அலை கொண்டுவந்து குவிக்கிறது. தீவு பிறக்கிறது. காற்றும் அலையும் பருவத்துக்குப் பருவம் திசை மாறும். ஒரு பக்கம் மணல் அரிக்கும். மறுபக்கம் சேரும். தீவு ஓர் இடத்தில் சும்மா கிடப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

பவளம் உயிரோடு இருந்தால் மணல் வரும். மணல் வந்தால் தீவு நிற்கும். மாலத்தீவின் பாடு முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கிவிடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மழை பெய்கிறது. மணல் நிலம் அதைக் குடித்துக்கொள்கிறது. அடியில் கடல்நீர் ஊறி நிற்கிறது. உப்புநீர் கனமானது. நல்ல நீர் லேசானது. தண்ணீர் மேல் எண்ணெய் மிதப்பது போல உப்புநீர் மேல் நல்ல நீர் மிதந்து நிற்கும். நாலடி ஐந்தடி தோண்டினால் கிணறு. கைவாளியில் இறைத்துக் குடித்த காலம் வரைக்கும் குறை இல்லை.

பிறகு மாலேயில் கூட்டம் பெருகியது. மாலே சுமார் 2 சதுர கிலோமீட்டர் ஊர். படிப்பு, ஆஸ்பத்திரி, வேலை எல்லாம் அங்கேதான். மற்றத் தீவு மக்கள் அங்கே வந்து குவிந்தார்கள். மோட்டார் வைத்து இறைத்தார்கள். மேலே மிதந்த நல்ல நீர் குறையக் குறைய அடியில் இருந்து உப்புநீர் ஏறியது. இன்னொரு கேடும் சேர்ந்தது. கக்கூஸ் கழிவு அதே மணலில் இறங்கியது. அதே மணலில்தான் கிணறு. 1978இல் காலரா பரவியது. அதன் பிறகுதான் கிணற்றை நம்ப முடியாது என்று ஆனது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன.

ஆலை நல்லதுதான். மறுப்பதற்கு இல்லை. ஆனால் ஆலை ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு டீசல் வேண்டும். டீசல் கப்பலில் வரவேண்டும். டீசல் விலை ஏறினால் தண்ணீர் விலையும் ஏறும். சின்னத் தீவுகளில் இன்றும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. தொட்டி வற்றினால் அரசாங்கம் படகில் தண்ணீர் அனுப்பும். நம் ஊரில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைப்பதைப் போலத்தான்.

நம் கடலோரத்திலும் இந்த உப்புக் கதை உண்டு. கடற்கரைக் கிணறுகளில் அளவுக்கு மேல் இறைத்த ஊர்க்காரர்களுக்கு அது தெரியும்.

தண்ணீர் மட்டுமா? அரிசி விளையாது. கோதுமை விளையாது. தென்னை, ஈரப்பலா, சேம்பு போன்றவை உண்டு. மற்றதெல்லாம் வெளியில் இருந்து வரவேண்டும். இந்தியாவும் மாலத்தீவும் 1981இல் ஒரு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி அரிசி, மாவு, சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை போன்றவற்றை இந்தியா ஆண்டுதோறும் அளந்து அனுப்புகிறது. இங்கே ஏற்றுமதிக்குத் தடை வந்தாலும் அவர்களுக்கு என்று ஒரு பங்கு உண்டு. தூத்துக்குடித் தோணிகளும் சரக்கு ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போய் வருகின்றன.

அந்தப் பட்டியலில் ஆற்று மணலும் ஜல்லியும் கூட இருக்கின்றன. மணலாலே ஆன நாடு மணலை விலைக்கு வாங்குகிறது. ஏன்?

முன்பு அவர்கள் வெளியில் வாங்கவில்லை. கடலில் இருந்து பவளக் கல்லை வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள். மாலேயில் 1658இல் கட்டி முடித்த பெரிய பள்ளிவாசல் முழுக்கப் பவளக் கல். செதுக்கு வேலை கண்ணைப் பறிக்கும். அக்காலத்தில் ஆட்கள் குறைவு. வெட்டிய கல்லும் குறைவு. பிறகு வீடுகளும் விடுதிகளும் பெருகின. கல்லை வெட்டிக்கொண்டே போனார்கள். வெட்டிய இடத்தில் பவளம் எளிதில் மீண்டும் வளரவில்லை. அலையைத் தடுத்து நின்ற சுவர் போயிற்று. அலை நேரே கரையில் மோதியது. தன் வீட்டுச் சுவரைக் கட்ட ஊர்ச் சுவரை இடித்தது போல் ஆயிற்று. பிற்காலத்தில் அரசாங்கம் பவளக் கல் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது. அதனால்தான் இப்போது சிமெண்டும் மணலும் ஜல்லியும் கப்பலில் வருகின்றன.

இது அந்த நாட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் நமக்கு 21 தீவுகள் இருந்தன. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன.

1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேயைத் தாக்கின. கடலைத் தூர்த்துப் புதிதாக எடுத்த நிலம்தான் அதிகம் பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அப்போதைய அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐக்கிய நாடுகள் சபையில் பேசினார். கடல் மட்டம் ஏறினால் தம் நாடு என்ன ஆகும் என்று உலகத்தின் முன் கேட்டார். அப்போது பலருக்கு இது புதுச் செய்தி. பிறகு ஜப்பான் உதவியுடன் மாலேயைச் சுற்றி அலைதடுப்புச் சுவர் எழுந்தது. நான்கு கால் கொண்ட பெரிய கான்கிரீட் கட்டிகளை ஒன்றோடு ஒன்று கோத்து அடுக்கினார்கள். கட்டி முடிக்க ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆயின.

2004 டிசம்பர் 26. சுனாமி. அந்த நாளை நாகப்பட்டினமும் கடலூரும் குமரியும் மறக்காது. அன்று மாலத்தீவிலும் கடல் தீவுகளின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. மாலேயில் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. ஆனால் சுவர் பெரும் நாசத்தைத் தடுத்தது. சுவர் இல்லாத தீவுகளின் கதி வேறு. நாட்டில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கிணறுகள் உப்பாகிவிட்டன. சொத்து சேதம் அந்த நாட்டின் ஓர் ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல்.

கந்தொலுதூ என்று ஒரு தீவு. மிகச் சிறியது. மீன்பிடிக்கு வசதியான இடம் என்று மக்கள் அங்கே நெருங்கி வாழ்ந்தார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஏறத்தாழ 4,000 பேர். சுனாமி அந்த ஊரை வாழ முடியாத இடமாக்கிவிட்டது. மக்கள் பக்கத்துத் தீவுகளில் முகாம்களிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள். துவாபரு என்ற ஆள் இல்லாத தீவைத் தேர்ந்தெடுத்து, செஞ்சிலுவைச் சங்கம் அங்கே 600 வீடுகள் கட்டிக் கொடுத்தது. ஓர் ஊரே பெயர்ந்து போய்ப் புது ஊரில் குடியேறியது. வீடு கிடைத்தது. பள்ளிக்கூடம் கிடைத்தது. ஆனால் அப்பன் பாட்டனைப் புதைத்த மண் பழைய தீவிலேயே இருக்கிறது. நஷ்ட ஈட்டுக் கணக்கில் இதை எழுத ஒரு கட்டம் கிடையாது.

சுனாமி பூகம்பத்தால் வந்தது. கடல் மட்டம் ஏறுவது அப்படி அல்ல. அது மனிதன் விடும் புகையால் வருகிறது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிகிறது. புகை வானத்தில் போர்வை போலப் படிகிறது. பூமி சூடாகிறது. பனிமலை உருகுகிறது. சூடான கடல்நீர் உப்புகிறது. 1900ஆம் ஆண்டில் இருந்து உலகில் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. அதாவது ஒரு சாண். இடுப்பளவு நிலத்துக்கு ஒரு சாண் பெரிய கணக்கு. உலகம் விடும் புகையில் மாலத்தீவின் பங்கு ஆயிரத்தில் ஒன்று கூட இல்லை.

தீவுகள் நாளைக்கே மூழ்கிவிடும் என்று சிலர் பேசுவது சரி அல்ல. தீவுகளை அளந்து பார்த்த அறிஞர்கள், பல தீவுகள் இன்னும் சுருங்கவில்லை, சில வளர்ந்தும் இருக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். பவளம் மணல் கொடுக்கும் வரை தீவு தன்னைத் தானே சரிசெய்து கொள்ளும். ஆனால் பவளத்துக்கே ஆபத்து வந்திருக்கிறது. அதுதான் கவலை.

பவள உயிருக்குள் ஒரு நுண்ணிய பாசி குடியிருக்கிறது. நிறம் கொடுப்பதும் அது. சோறு கொடுப்பதும் அது. கடல் நீர் ஓரிரு டிகிரி சூடேறி அப்படியே சில வாரம் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பவளம் வெளுத்துப் போகும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998இல் இப்படி நடந்தது. மாலத்தீவில் பல இடங்களில் ஆழம் குறைந்த பகுதிப் பவளத்தில் பத்தில் ஒன்பது பங்கு செத்தது. மெல்ல மெல்லத் துளிர்த்து வந்தது. 2016இல் மறுபடி வெளுத்தது. 2024இலும் வெளுத்தது. தேறுவதற்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது.

2009 அக்டோபர் 17ஆம் தேதி அப்போதைய அதிபர் முகமது நஷீதும் அமைச்சர்களும் கடலுக்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். முதுகில் காற்று உருளை. கைச் சைகையில் பேச்சு. அங்கேயே ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. 2022இல், பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கு ஈடு கொடுக்க ஒரு நிதி அமைப்பது என்று உலக நாடுகள் முடிவு செய்தன. முடிவு வந்தது. தேவைக்கு ஏற்ற பணம் வரவில்லை.

சோற்றுக்கு அந்த நாடு என்ன செய்கிறது? சுற்றுலாதான் பெரிய வருமானம். 1972இல் முதல் விடுதி திறந்தது. அதன் பெயர் குரும்பா. திவேஹி மொழியில் இளநீர்க் காய்க்கு அந்தப் பெயர். தமிழில் தென்னம்பிஞ்சைக் குரும்பை என்கிறோமே, அதே சொல் போலத்தான் இருக்கிறது. இன்று ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகள் வருகிறார்கள். மக்கள் தொகையைப் போல் நான்கு மடங்கு. வருமானம் உயர்ந்தது. 2011இல் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருந்து மாலத்தீவு வெளியே வந்தது. பள்ளிகளும் மருத்துவமும் பெருகின. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் ஒரே காலில் நிற்பது ஆபத்து. 2020இல் கொரோனா வந்தது. மார்ச் முதல் ஜூலை வரை நாட்டின் வாசல் மூடிக் கிடந்தது. விடுதிகள் இருண்டன. கடன் ஏறியது. அந்தக் கடன் சுமை இன்னும் கழுத்தில் இருக்கிறது. பயணிகள் ஏறி வரும் விமானமும் புகை விடுகிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பயணிகள் வந்தால் குப்பையும் வரும். மாலேக்குப் பக்கத்தில் திலாபுஷி என்ற காயல் இருந்தது. 1992 முதல் அதில் குப்பையைக் கொட்டினார்கள். குப்பையே தீவாகிவிட்டது. 2021 வரை அங்கே திறந்த வெளியில் எரித்தார்கள். காற்று திரும்பினால் புகை மாலேக்கு வரும்.

நிலம் போதாமல் கடலையும் தூர்க்கிறார்கள். 1997இல் மாலேக்கு அருகில் ஹுல்ஹுமாலே என்ற புதுத் தீவை உண்டாக்கத் தொடங்கினார்கள். கப்பல் கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டும். தரை சுமார் 2 மீட்டர் உயரம். மற்றத் தீவுகளை விட மேடு. 2004இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். 2018இல் பாலம் வந்தது. இப்போது அங்கே மாடி மாடியாக வீடுகள். மாலேயில் ஓர் அறைக்குள் முறை வைத்துத் தூங்கிய குடும்பத்துக்கு இது பெரிய விடுதலை. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. ஆனால் மணலை உறிஞ்சும்போது கலங்கிய சேறு பக்கத்துப் பவளத்தின் மேல் படிகிறது. வெயில் புகாது. பவளம் மூச்சு முட்டிச் சாகும். இன்றைக்கு வீடு வேண்டும். நாளைக்குத் தீவு வேண்டும். இரண்டையும் ஒரே கடலில்தான் எடுக்க வேண்டி இருக்கிறது.

அந்த நாட்டார் பழைய காலத்தில் இருந்து ஒழுங்காகக் காத்து வரும் தொழில் ஒன்று உண்டு. அது சூரை மீன் பிடிப்பது. வலை போட்டு வாரி அள்ளுவதில்லை. முதலில் பவளத்திட்டுப் பக்கம் சின்ன மீன்களை உயிரோடு பிடித்துப் படகின் நடுவில் உள்ள தொட்டியில் விடுவார்கள். பிறகு ஆழ்கடலுக்குப் போவார்கள். பறவைக் கூட்டத்தைப் பார்த்து மீன் இருக்கும் இடம் அறிவார்கள். சின்ன மீன்களைக் கடலில் வீசுவார்கள். படகின் பின்பக்கத்தில் இருந்து தண்ணீரை மழை போல் தெளிப்பார்கள். சூரைக் கூட்டம் மேலே வரும். வரிசையாக நிற்கும் ஆட்கள் கம்புத் தூண்டிலை வீசி, ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பின்னால் எறிவார்கள். ஒரு தூண்டில், ஒரு மீன். ஆமை சாகாது. டால்பின் சாகாது. குஞ்சு மீன் வீணாகாது. இப்படிப் பிடித்த மீனுக்கு இன்று வெளிநாட்டுச் சந்தையில் தனி மதிப்பு.

இந்தத் தொழிலுக்கும் மூலம் பவளம்தான். இரைக்கான சின்ன மீன்கள் வாழ்வது பவளத்திட்டில். பவளம் வெளுத்த இடத்தில் அவை குறைகின்றன. விடியும் முன் இரை மீனுக்காகத் திட்டுத் திட்டாகத் தேடுகிறார்கள். இரை கிடைத்தால் படகு ஆழ்கடலுக்குப் போகும். கிடைக்காத நாளில் அத்தனை ஆட்களோடும் கரைக்குத் திரும்பும்.